பிளாஷ் எரியாத படம்

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாக இருங்கள் என்று புத்தி சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. சோறு ஆறும்வரை காத்திருக்கத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான். கமராவைக் கீழே வைத்து ஓய்ந்த பிறகும் ஒரு கதிரையில் ஒழுங்காக இருக்க முடியவில்லை. இதை எழுதத் தொடங்கிய பிறகே இரண்டு மூன்று தரம் எழும்பி, வாசல் படலை வரைக்கும் போய், ஒன்றுமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிச் படப்பிடிப்பாளர் சங்கத்தில் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு என் குணம் தெரியாது போல.

இணையத்தில் பார்த்துப் படித்த தொழில் நிலைக்காது என்று உங்களைப் பகிடி பண்ணுகிற பழைய ஆட்களைக் கணக்கெடுக்காதீர்கள். நானும் இணையத்தில் படித்தவன்தான், அதுவும் தலை நரைத்த பிறகு. நெல்லியடியில் ஸ்ரூடியோ தொடங்கிய நாளிலிருந்து அதுவரைக்கும், கமராவின் தலையில் பிளாஷைச் செருகி ஆட்களின் மூஞ்சிக்கு நேரே அடித்துத்தான் பிழைத்தேன். அந்த அல்பங்களில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மாவுக்குள் விழுந்தெழும்பியவர்கள் மாதிரி இருப்பார்கள். பின்சுவரில் கரிய நிழல் ஒட்டிக்கொண்டு நிற்கும். யாரும் குறை சொல்லவில்லை. எல்லாருடைய அல்பமும் அப்படித்தானே இருந்தது.

கொரோனாவுக்கு ஊரை மூடிய நாட்களில்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நீர்வேலி வீட்டில் கட்டிலும் கதவுமாக நடந்து நடந்து மனைவிக்குத் தலைச்சுற்று வந்ததுதான் மிச்சம். அப்போது போனில் தற்செயலாக ஒரு வீடியோ கண்ணில் பட்டது. பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றி, பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவைத்துப் படம் எடுப்பது எப்படி என்று ஒருவர் ஆங்கிலத்தில் படிப்பித்தார். அவருடைய பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது. ஒரு மேசை, இரண்டு கைகள், ஒரு குரல், அவ்வளவுதான் திரையில் வரும். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் பிளாஷைத் தொடாமலே ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது பெரிய அறுவை. விரலால் தள்ளி, பிளாஷ் எரிகிற இடத்துக்கு ஓட்டிவிடுவேன்.

விசயம் இதுதான். கமராவில் ஒரு சின்ன ட்ரிகர் இருக்கும். பொத்தானை அழுத்தினால் அங்கே ஸ்டாண்டில் பிளாஷ் எரியும். சுற்றியிருக்கிற வெளிச்சத்தைக் கமராவில் அடக்கிவிட்டால், பிளாஷ் படுகிற ஆள் மட்டும் ஒளிர, மிச்சமெல்லாம் இருட்டாகிவிடும். நட்ட நடுப்பகலை இரவாக்கலாம். இதைக் கண்டதும் எனக்கு விசர் பிடித்துவிட்டது.

பழக ஆள் வேண்டுமே. மனைவி ஒருநாள் இருந்து பார்த்தாள், கண் கூசுகிறது என்று எழும்பிவிட்டாள். பிறகு வீட்டுப் பின்வளவில் தொங்கிய வாழைக்குலைதான் எனக்கு மொடல். கண் சிமிட்டாது, களைக்காது, படத்தைக் காட்டு என்று கேட்காது. பொழுதுபடும் நேரத்தில் குலைக்கு இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் என்று பிளாஷை மாற்றி மாற்றி வைத்து அடிப்பேன்.

"என்னப்பா, வாழைக்குலைக்கு என்னத்துக்கு உந்த மின்னல்? பக்கத்து வளவுச் சனம் வந்து என்ன ஏதெண்டு விடுப்புக் கேக்குது," என்றாள் மனைவி.

"படிக்கிறன்."

"நீங்கள் படிச்சு முடிக்கேக்கை குலை பழுத்துடும்."

பழுத்துத்தான் போனது. ஆனால் படித்துவிட்டேன்.

ஊர் திறந்ததும் முதல் வேலை, உப்புநீரேரி ஓரமாக வெட்டவெளியாய்க் கிடக்கிற வல்லைவெளியில், கலியாணத்துக்கு முந்திய வெளிப்புறப் படப்பிடிப்பு. வெள்ளைக் குடை ஒன்றை ஸ்டாண்டில் பூட்டி, அதற்குள் பிளாஷை அடிக்க வேண்டும். திரையில் கண்டபடியே பூட்டினேன். மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லி, நான் குனிந்து நிமிர்வதற்குள் குடை, பிளாஷ், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து கிளம்பி உப்புத்தண்ணீருக்குள் போய் விழுந்தன. மாப்பிள்ளை நிஜமாகவே சிரித்தார். படிப்பித்தவரின் அறையில் காற்று இல்லை, வல்லைவெளியிலோ காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்றைக்கு மீதிப் படங்களை, பெண்ணின் தம்பியாரை ஸ்டாண்டுக்குப் பதிலாக நிறுத்தி, மிச்சமிருந்த பிளாஷைக் கையில் கொடுத்து எடுத்து முடித்தேன். நீங்கள் பார்க்கிற பாடம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று ஒருமுறை யோசியுங்கள். எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை, அதனால் ஒரு பிளாஷ் போனது.

ஆனாலும் என் பெயர் பரவியது. இருட்டுக்குள் இருந்து தங்கச்சிலை மாதிரிப் பொம்பிளை எழும்பி வருகிற படம் என்றால் என்னிடம்தான் வர வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளைமார் போனில் என் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில்தான் தர்சினியின் கலியாணம் வந்தது.

தர்சினி பருத்தித்துறைக்கு அங்காலே கரையோரத்துப் பிள்ளை. தகப்பன் கடல்தொழில் செய்தவர், அவள் சின்னப் பிள்ளையாக இருக்கையிலேயே தவறிவிட்டார். தாய் கருவாடு போட்டும் தையல் தைத்தும் ஒற்றைப் பிள்ளையை வளர்த்து எடுத்தார். மாப்பிள்ளை வெளிநாட்டில். கலியாணத்தை முடித்துவிட்டு அவர் போக, இவள் விசா எடுத்துப் பின்னால் போக வேண்டும். நம் ஊரில் பாதிக் கலியாணம் இப்படித்தானே.

மண்டபத்தில் தாய் ஒரு நிமிடம்கூட மணவறைப் பக்கம் வரவில்லை. தாலியில்லாத தான் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். தாரை வார்த்துக் கொடுத்தது பெரியம்மாவும் பெரியப்பாவும். நான் ஒருதரம் கூப்பிட்டேன்.

"அம்மா, வாங்கோ, பிள்ளையோடை நிண்டு ஒரு படம் எடுப்பம்."

"பிறகு எடுப்பம் அண்ணை. பந்தி பாக்கவேணும்," என்றுவிட்டுக் சமையல் நடக்கிற குசினிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கும் அவசரம். இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

கெட்டிமேளம் தொடங்கியது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை உயர்த்துகிறார், நான் பொத்தானை அழுத்துகிறேன், பிளாஷ் எரியவில்லை. அது ஒருமுறை அடித்தால் அடுத்த அடிக்கு மூச்சு எடுக்க வேண்டும். நான் அதை மூச்சு விட விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். திரும்ப அழுத்தினேன், இல்லை. இன்னும் அழுத்தினேன், இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்குள் சொன்ன வார்த்தைகளை ஐயர் கேட்டிருந்தால் மந்திரத்தை நிறுத்தியிருப்பார். அதற்குள் சனம் எழும்பி அட்சதையாக அறுகரிசி எறியத் தொடங்கிவிட்டது. நல்ல காலம், முடிச்சு விழும் நேரத்துக்குப் பிளாஷ் உயிர் பெற்றது. படம் விழுந்தது. சுற்றிலும் கும்மென்று இருட்டு, நடுவில் இரண்டு பேரும் பொன்னாக. அல்பத்தின் முகப்பில் அதைத்தான் போட்டேன்.

சில மாதங்களின் பின் ஒரு முற்பகல், ஸ்ரூடியோ வாசலில் ஓட்டோ வந்து நின்றது. தர்சினி, அவளுடைய தாய், ஓட்டோவை ஓட்டி வந்த தாய்மாமன். பிள்ளையின் முகம் செத்துப்போய் இருந்தது.

"அங்கிள், விசா நேர்முகத்திலை அல்பத்தைப் பாத்திட்டு, உன்ரை கலியாணத்துக்கு ஒருத்தரும் வரேல்லையோ எண்டு கேட்டவை. எல்லாம் இருட்டாய்க் கிடக்காம். ஸ்ரூடியோவிலை வைச்சு எடுத்த மாதிரி இருக்காம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த இருட்டுக்குள் ஒரு மண்டபம் நிறைந்த சனம் இருந்தது. இருட்டாக்கியது நான்.

"பிறகு, உன்ரை அம்மா எங்கை எண்டு கேட்டவை. அம்மா வந்தவ எண்டன். அப்ப ஏன் ஒரு படத்திலையும் இல்லை எண்டு கேட்டினம். குசினிக்கை நிண்டவ எண்டு சொல்ல, நம்பேல்லை. பெத்த தாய் மகளின்ரை கலியாணத்திலை குசினிக்கை என்னத்துக்கு நிக்கிறவ எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது, அங்கிள்?"

மறுநாள் காலை கொழும்பு விசா அலுவலகத்துக்குத் திரும்பவும் வரச் சொல்லியிருந்தார்களாம். அதற்கு அன்றைக்குப் பின்னேரமே பஸ் ஏற வேண்டும். தாய் கதிரையின் நுனியில், தன்னால்தான் எல்லாம் கெட்டது என்பது மாதிரிச் சுருண்டு இருந்தார். வீடியோக்காரரும் மணவறையை விட்டுக் கமராவைத் திருப்பவில்லை. கலியாணத்துக்கு வந்த சனத்தின் போன்களையும் இவர்கள் விசாரித்துவிட்டார்கள். ஒன்றிரண்டில் தாயின் முதுகு மட்டும் இருந்ததாம்.

மாமன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு உது பெரிய வேலையோ? அக்காவின்ரை படம் ஒண்டு என்ரை போனிலை கிடக்கு. வெட்டி, மணவறைக்குப் பக்கத்திலை ஒட்டிவிடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

உண்மையைச் சொன்னால், எனக்கு அது பெரிய வேலையில்லை. பஸ் போகிற நேரத்துக்குள் முடித்துக் கொடுத்திருக்கலாம். கை மவுஸுக்குப் போயும்விட்டது. போனில் இருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். தாயின் முகத்தில் வெளிச்சம் நேர் முன்னால் இருந்து விழுந்திருந்தது. மணவறையில் நான் பிளாஷ் வைத்தது இடப்பக்கம். அங்கே எல்லாருடைய மூக்கு நிழலும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், இவருக்கு மட்டும் நிழலே இருக்காது. வெளிச்சத்தைப் படித்த எனக்குத் தெரிகிறது இன்னொருவனுக்குத் தெரியாமலா போகும்? பிடிபட்டால் உண்மையான கலியாணமும் பொய்யாகிவிடும், பிள்ளையின் வாழ்க்கை அதோடு சரி.

"ஏலாது," என்றேன்.

"ஏன் ஏலாது? பிழையாய் எடுத்தது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான். அதுக்காண்டி இன்னொரு பிழை செய்யேலாது. கொஞ்சம் இருங்கோ."

இருங்கோ என்று சொன்னேனே தவிர நான் இருக்கவில்லை. கணினி பழைய சேமிப்பைத் திறக்கிற அந்த நேரத்துக்குள் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்து தேய்ந்தேன். இங்கே என்னுடைய ஒரு கெட்ட பழக்கம் கைகொடுத்தது. எடுத்த படங்களை இருந்து பார்த்து, நல்லது கெட்டது பிரித்து, கெட்டதை அழிக்கிற பொறுமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவேன். அதனால் எல்லாம் கிடந்தது.

முதலில் முகப்புப் படத்தை எடுத்து நிழலை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். இருட்டுக்குள் இருந்து சனம் தெரிந்தது. ஆனால் எல்லாரும் எழும்பி, அறுகரிசி எறியக் கையைத் தூக்கி நிற்கிறார்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாம் கையும் முதுகும். மாமன் மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். எனக்கு வேர்த்து ஊற்றியது.

அப்போதுதான் பிளாஷ் எரியாமல் போன படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. முகப்புப் படத்துக்கு முந்தியவை, சனம் எழும்புவதற்கு முந்திய கணம். திறந்தேன். முழுக் கறுப்பு. தர்சினி ஒரு பெருமூச்சு விட்டாள். நிழலைக் கூட்டினேன், போதவில்லை. இன்னும் கூட்டினேன். மணல் தூவினது மாதிரிப் புள்ளியும் பச்சை நிறமுமாக, மெல்ல மெல்ல மண்டபம் எழும்பி வந்தது. தாலியைத் தூக்கிய மாப்பிள்ளை, குனிந்த பொம்பிளை, கதிரைகளில் இருந்தபடியே எழும்பத் தயாராகிற சனம், வாயைத் திறந்தபடி நித்திரையாகிப்போன ஒரு கிழவர். எல்லாவற்றுக்கும் பின்னால், குசினிக் கதவடியில் ஒரு உருவம். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி நிற்கிறது. கூப்பிய கைகளுக்கு நடுவில் ஒரு அகப்பை.

"உது அம்மா," என்றாள் தர்சினி. திரைக்குக் கிட்ட வந்துவிட்டாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஆனால் தாய் எழும்பி வந்து, திரையைப் பார்த்து, கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணை, உந்தப் படத்தைக் குடுக்காதேங்கோ."

"ஏனம்மா? உதுதானே வேணும்!"

"தாலி ஏறேக்கை நான் பாத்ததெண்டு உதிலை அப்பிடியே கிடக்கு. பிள்ளைக்குக் கூடாது. விசா வராட்டிலும் பரவாயில்லை, உதைக் குடுக்காதேங்கோ."

பதில் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வாழ்க்கையில் நான் அசையாமல் நின்ற மிகச் சில நேரங்களில் அது ஒன்று.

தர்சினி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் பாக்கேல்லை எண்டெல்லே சொன்னனீங்கள், அம்மா? அண்டைக்கு நான் எத்தினை தரம் கேட்டனான்? மேளச்சத்தம் கேட்டது, அது காணும் எண்டு சொன்னீங்களே. நான் உங்களோடை எவ்வளவு கோவமாய் இருந்தனான் தெரியுமே?"

தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"உன்னைப் பெத்த கொப்பரும் உயிரோடை இல்லை. நானும் பாக்காட்டி, உனக்கெண்டு ஆர் பாக்கிறது? கதவடி மட்டும்தான் வந்தனான். கும்பிட்டிட்டு உடனை உள்ளை போயிட்டன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. மாமன் வெளியே போய் ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தால் தர்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், படத்தை அடியுங்கோ."

"பிள்ளை, சொல்லுறதைக் கேள்..." என்றார் தாய்.

"நீங்கள் பாத்து எனக்கு என்னம்மா குறைஞ்சது? பாக்கேல்லை எண்டு நினைச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் குறைபட்டுக்கொண்டு இருந்தனான்."

தாய் திரையை இன்னொருதரம் பார்த்து, தலையாட்டினார். படத்தில் புள்ளிகளைத் துடைக்கவில்லை, முகத்தைத் துலக்கவில்லை, இருந்ததை இருந்தபடியே பெரிதாக அடித்து, கமரா பதிந்த மூலப் படத்தையும் ஒரு பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் முழுக்க நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த வாடிக்கையாளர் எல்லார் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பின்னேரம் தர்சினி போன் எடுத்தாள். விசா அதிகாரி படத்தை நெடுநேரம் பார்த்தாராம். அம்மாவின் கையில் என்ன என்று கேட்டாராம். பாயாசம் கிண்டுகிற அகப்பை என்று சொன்னதும் சிரித்துவிட்டாராம். கொஞ்ச நாளில் விசாவும் வந்தது.

தர்சினி போன் எடுத்த அன்றைக்கு வீட்டுக்குப் போன கையோடு, பெயர் தெரியாத அந்த மனிதரின் பழைய வீடியோவைத் திறந்து, ஒரு இடமும் ஓட்டாமல் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். நான் அறுவை என்று தள்ளிவிட்ட பகுதியில் அவர் ஒவ்வொரு தரமும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிளாஷை ஏற்றுவதற்கு முன் அதை அணைத்துவிட்டு ஒரு படம் எடு, அந்த இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார், பிறகு எதை இருட்டாக்குவது என்று முடிவு செய். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. கடைசிக் காலத்தில் எடுத்த கலியாணங்களில் மணவறைக்கு ஒரு பிளாஷ் வைத்தால், மண்டபத்தின் பின்பக்கக் கூரைக்கு இன்னொன்றை மெல்லிதாக அடித்துவிடுவேன். இருட்டுப் படத்தின் அழகு கொஞ்சம் குறையும். நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர், குறையாமல் எடுக்க வழி கண்டுபிடிப்பீர்கள். ஆனால் தாய்தகப்பன் யார், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு ஸ்டாண்டை நிறுத்துங்கள். கூப்பிட்டு வராவிட்டால் இரண்டாம் தரமும் கூப்பிடுங்கள்.

வெளிநாடு போக முதல் தர்சினி, தாயின் வீட்டுக்கென்று ஒரு படம் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னாள். பொன்னாக ஒளிர்ந்த முகப்புப் படத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, பிளாஷ் எரியாத படம். அவள் போன பிறகு நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாய் அதை வாங்கி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, என்னைக் கொண்டே முன் விறாந்தைச் சுவரில் ஆணி அடிப்பித்து மாட்டினார். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார்.

நான் ஆணி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கையில், மீன் கொண்டு வந்த அயல்வீட்டு மனிசி படத்தைக் கண்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன படம் இது? ஒரே புழுதியாய்க் கிடக்கு. ஒருத்தரையும் தெரியேல்லை."

தாய் குசினிக்குள் இருந்து ஈரக் கையோடு வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே சுவரடிக்குப் போய், கண்ணாடியில் விரலை வைத்தார்.

"உங்கை பார். கதவடியிலை அகப்பையோடை நிக்கிறது நான்."